கேட்டால் சொல்லிவிடுவாள்

நேர்முகத் தேர்வு அறையிலிருந்து வெளியே வந்தவள் நேரே லிஃப்டுக்குப் போகாமல், எங்கள் எதிரே கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். காலநிலைக் கொள்கை ஃபெல்லோஷிப் ஒன்றுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சென்னையில் ஏதோ ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. வரிசையில் இன்னும் நிறையப் பேர் பாக்கி. ஏசி ஓடியும் எல்லோருக்கும் வியர்த்துக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த பையன் சும்மா பேச்சுக்கு, "என்ன கேட்டாங்க?" என்றான்.

இந்தக் கேள்விக்கு யாரும் ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை. "பொதுவாத்தான் கேட்டாங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள். அவள் சொன்னாள். முதலில் என்ன கேட்பார்கள், அடுத்து என்ன, தான் எந்த இடத்தில் உளறினாள், நடுவில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு எந்தப் பதில் பிடித்தது, ஓரத்தில் இருப்பவர் எதைச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறார் என்று ஒன்று விடாமல் சொன்னாள். ஒருத்தி நோட்டை எடுத்து எழுதவே தொடங்கிவிட்டாள்.

நான் ஒரு வார்த்தைகூட நம்பவில்லை. போட்டிக்கு வந்தவள் எதற்காகப் போட்டியாளர்களுக்கு உதவ வேண்டும்? எங்கள் வீடு கருங்குழியில். அப்பா லோடு வண்டி ஓட்டுகிறவர். வலிய வந்து வழி சொல்கிறவனுடைய வண்டி நம்பரை முதலில் பார்த்துவை என்று சொல்லி வளர்த்தவர். ஆகவே அவள் சொன்ன கேள்விகளை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன். உள்ளே போனால் அவள் சொன்ன வரிசையிலேயே கேட்டார்கள். தட்டுத்தடுமாறிச் சமாளித்தேன். எனக்கும் கிடைத்தது, அவளுக்கும் கிடைத்தது. இரண்டு பேரையும் செங்கல்பட்டு மாவட்ட அலுவலகத்திலேயே போட்டார்கள்.

முதல் வருடம் இரண்டு பேர், திருப்தியாக இருந்தால் ஒருவருக்கு மட்டும் இரண்டாவது வருடம் நீட்டிப்பு என்று வேலையில் சேரும்போதே சொல்லிவிட்டார்கள். அதனால் நான் அவளைப் பார்த்ததெல்லாம் இந்தக் கண்ணாடி வழியாகத்தான். அப்படியும் சொல்லிவிட முடியாது. அந்தப் போட்டி இல்லாவிட்டாலும் அவளைச் சந்தேகப்பட்டிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

ஏரிக்கரைப் பக்கம் ஒரு போர்ஷன் எடுத்து இரண்டு பேரும் சேர்ந்து தங்கினோம். அவள் ஃபோனுக்குப் பூட்டு கிடையாது. மேசைமேல் கிடக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். வைஃபை பாஸ்வேர்டைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேட்டார்கள் என்று கொடுத்தாள். அடுத்த வாரம் தெருவே எங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து படம் பார்த்தது. அவளுடைய அப்பா கல்பாக்கத்தில் வேலை பார்த்தார், டவுன்ஷிப்பில் வளர்ந்த பெண். கதவைத் தாழ் போடாத ஊரில் வளர்ந்ததால் இப்படி என்று முதலில் நினைத்தேன். ஒருமுறை அவள் வீட்டுக்குப் போனபோது அவளுடைய அம்மா பீரோவுக்கு மட்டுமல்ல, ஃப்ரிட்ஜுக்கும் சாவி வைத்திருந்ததைப் பார்த்தேன். அந்த அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "இவகிட்ட எதையும் சொல்லிடாதம்மா. கேட்டா சொல்லிடுவா" என்றார்.

அதுதான் அவள். தானாகப் போய் ஊரெல்லாம் பரப்புகிறவள் இல்லை. கோள் சொல்கிற குணமும் இல்லை. யாராவது கேட்டால் சொல்லிவிடுவாள், கேட்டால் கொடுத்துவிடுவாள். கேட்கிறவர் யார், எதற்குக் கேட்கிறார் என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. டீக்கடைக்காரர், "ஃபெல்லோன்னா இன்னா வேலம்மா அது? கெவுருமெண்டா, பிரைவேட்டா?" என்று கேட்டதற்கு, அது இரண்டும் இல்லை, அதிகாரம் எதுவும் கிடையாது, அடையாள அட்டை மட்டும்தான், சம்பளம் இவ்வளவு, வருடம் முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அதற்கு முன்பெல்லாம் அவர் என்னை "மேடம்" என்பார். அன்றைக்கு அது போயிற்று.

வங்கித் தேர்வு விஷயத்தையும் சொல்ல வேண்டும். எங்களைப் போன்றவர்கள் ஃபெல்லோஷிப்பில் இருந்துகொண்டே வேறு தேர்வுகள் எழுதுவது ஊரறிந்த ரகசியம். வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற வேலையை நம்பி யார் உட்கார்ந்திருக்க முடியும்? எங்கள் வீட்டில் இதை வேலையென்றே ஒத்துக்கொள்ளவில்லை. காய்ச்சல் என்று அதிகாரிக்கு மெசேஜ் அனுப்பிவிட்டுப் பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் தேர்வு எழுதப் போனேன். மறுநாள் அலுவலகத்தில் நுழைந்ததும் அதிகாரி கேட்டார்.

"எக்ஸாம் எப்படிம்மா எழுதின?"

ஏதோ சொல்லி நழுவினேன். வெளியே இழுத்துக்கொண்டு போய் அவளைக் கேட்டேன்.

"நான் ஒண்ணும் போய்ச் சொல்லலப்பா. அவர்தான் 'எங்க இன்னொரு பொண்ணக் காணோம்'னு கேட்டார்."

"காய்ச்சல்னு சொல்ல வேண்டியதுதானே?"

"உனக்குக் காய்ச்சல் இல்லையே."

சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அதுதான் என்னைக் கலக்கியது. அதிகாரி நல்ல மனிதர், கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் எப்போது வேண்டுமானாலும் போய்விடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, அதற்குப் பிறகு நாலு மாதத்துக்கு மேல் இழுக்கும் எந்த வேலையையும் என் பொறுப்பில் கொடுக்கவில்லை. கடற்கரைக் கிராமங்களுக்கான காலநிலைத் திட்டம் அப்போதுதான் வந்தது. அதில் அவள் பெயர் முதலிலும் என் பெயர் இரண்டாவதாகவும் இருந்தது. இதை வேண்டுமென்றே செய்தாளா, இல்லையா? அன்றிரவு தோசை சுட்டு எனக்கு முதலில் போட்டாள். சாப்பிட்டேன், ஆனால் ருசி தெரியவில்லை.

முட்டுக்காட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கும் மீனவர் குப்பங்களில் ஒன்றுதான் எங்கள் வேலைக்கு வந்தது. எந்தக் குப்பம் என்பது வேண்டாம். அங்கே கருவாடு போட்டு விற்கிற ஓர் அக்கா இருந்தார். அஞ்சலை என்று வைத்துக்கொள்ளுங்கள், அவருடைய பெயர் அதுவல்ல.

எங்கள் வேலை இதுதான். கடல் எங்கே அரிக்கிறது, புயல் வந்தால் தண்ணீர் எதுவரை ஏறுகிறது, ஊர்க்காரர்கள் எந்த இடத்தை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டு வரைபடம் போட வேண்டும். நான் கேள்விகளை வரிசையாகக் கேட்பேன். அவர்கள், "தெரில", "அதெல்லாம் தலைவராண்ட கேளு" என்று வாயை மூடிக்கொள்வார்கள். அது நியாயம்தான், அந்த இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். கடலோரத்தில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வந்தவர்களால் அவர்களுக்கு இதுவரை என்ன நன்மை வந்திருக்கிறது?

அவள் கேள்வியே கேட்க மாட்டாள். போய் மணலில் உட்கார்ந்துகொண்டு தன் கதையைச் சொல்வாள். அப்பாவுக்குச் சர்க்கரை, அண்ணன் வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை, தனக்குப் பார்த்த மாப்பிள்ளை வேண்டாமென்று போய்விட்டான், அவன் என்ன காரணம் சொன்னான் என்பதுவரை. எதிரே வலை பின்னிக்கொண்டிருக்கிறவர்கள் பேசாமல் கேட்பார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கே தாங்காது, பதிலுக்கு ஏதாவது சொல்லத் தொடங்குவார்கள். வீட்டுச் சங்கதிகளை முதலில் தூக்கிக் கொடுத்துவிட்டவளிடம் எதை மறைப்பது? இதை நான் ஒரு தொழில் தந்திரம் என்றே முடிவுகட்டியிருந்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டும் விட்டேன்.

"மாப்பிள்ளை கதை நிஜமா?"

"ஆமா. ஏன்?"

"எல்லார்கிட்டயும் சொல்றியே."

"கேட்டாங்களே, கல்யாணம் ஆயிடுச்சான்னு."

அப்படித்தான் ஒருநாள் அஞ்சலையக்காவும் சொன்னார். சவுக்குத் தோப்புக்கும் பூட்டிக்கிடந்த ஒரு பங்களாவின் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் அகலமான மணல் திட்டு ஒன்று இருந்தது. ஊரின் ஃபைபர் படகுகள் ஏறுவது அங்கேதான். நெத்திலி காயவைப்பதும் அங்கேதான். அந்தத் திட்டு இல்லாவிட்டால் அந்த ஊருக்குக் கரை இல்லை, கடல் மட்டும்தான் இருக்கும். மற்ற பக்கமெல்லாம் ஏற்கெனவே சுவர்கள்.

"அது எங்க பேர்ல இல்ல பாப்பா" என்றார், நெத்திலியைப் புரட்டிப் போட்டபடியே. "தோப்பு வச்சிகினு இருந்தாரே ஒரு பெரியவரு, அவரு எடம். போட்டுக்கோங்கன்னு வாயால சொன்னாரு, அவ்ளோதான். அவரு போய்ச் சேந்துட்டாரு. பசங்கோ மெட்ராஸ்ல கீறாங்கோ. இப்டி ஒரு எடம் கீதுன்னே அதுங்களுக்குத் தெரியாது. அதான் வண்டி ஓடிகினு கீது."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"இத வெளிய சொல்லாத பாப்பா."

"சரிக்கா. உங்க பேரு எங்கயும் வராது" என்றாள் அவள்.

அவர் கேட்டது ஒன்று, இவள் ஒத்துக்கொண்டது இன்னொன்று. எனக்கு அப்போதே எங்கேயோ உறுத்தியது. அஞ்சலையக்காவுக்குத் திருப்தி. ஆளுக்கொரு பை கருவாடு கட்டிக் கொடுத்தார்.

வேலையில் சேர்ந்த புதிதில், தகவல் அறம் என்று ஒரு நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். மக்களிடம் வாங்குகிற தகவலை எப்படிக் கையாள வேண்டும் என்று. பெயரை எடுத்துவிட வேண்டும், ஃபோன் நம்பரை எடுத்துவிட வேண்டும், முகத்தை மங்கலாக்க வேண்டும். மதியம் நல்ல பிரியாணி. நாங்களெல்லாம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கி வழிந்தோம். அவள் மட்டும் ஒவ்வொரு வரியையும் எழுதிக்கொண்டாள், அப்படியே கடைப்பிடிக்கவும் செய்தாள்.

வரைபடத்தை அவள் எப்படிச் செய்திருந்தாள் என்றால், அஞ்சலையக்காவின் பெயர் எங்கும் இல்லை. படத்தில் அவர் முகம் புகையாக இருந்தது. ஆனால் அவருக்குப் பின்னால் தோப்பு, படகுகள், பங்களாச் சுவர், கேட்டில் இருந்த நம்பர் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. மணல் திட்டின் நான்கு மூலைகளுக்கும் அவளே நடந்துபோய் ஜிபிஎஸ் புள்ளி எடுத்திருந்தாள். மஞ்சள் நிறம் போட்டு, அதைத் தொட்டால் திறக்கும் பெட்டியில் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதியிருந்தாள். ஊர்ப் பொதுப் பயன்பாடு. ஊரார் பெயரில் ஆவணம் இல்லை. உரிமையாளர் இறந்துவிட்டார். வாரிசுகள் வெளியூரில், இடத்தைப் பற்றி அறியாதவர்கள்.

"பேரை எடுத்துட்டா போதுமா? இடம் அப்படியே இருக்கே" என்றேன்.

"பேரு, நம்பர், முகம். அதானே சொன்னாங்க?"

"இதை எதுக்கு எல்லாரும் பார்க்கிற மாதிரி வைக்கணும்?"

இதற்கு மட்டும் அவளிடம் நீளமான பதில் இருந்தது. பொதுப் பணத்தில் செய்த வேலை பொதுவில் இருக்க வேண்டும். வரைபடத்தில் இல்லாத இடத்தை எந்தத் திட்டமும் காப்பாற்றாது, காலியிடம் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இந்த ஊருக்கு இந்தத் திட்டு எவ்வளவு முக்கியம் என்று உலகத்துக்குத் தெரிய வேண்டாமா? பேச்சில் தவறு இல்லை, அதனால் என்னால் மடக்க முடியவில்லை. அதிகாரியும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். வரைபடம் இணையத்தில் ஏறியது. எங்கள் பேட்ச் வாட்ஸப் குழுவில் கைதட்டல் படங்கள் வந்து விழுந்தன. தலைமை அலுவலகத்திலிருந்து, மற்ற மாவட்டங்களும் இதைப் பார்த்துச் செய்யலாம் என்று பாராட்டினார்கள். நீட்டிப்பு யாருக்கு என்பது அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

சில வாரங்கள் கழித்து ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். கதர்ச்சட்டை, வெள்ளைத் தாடி, மெல்லிய குரல். சூழலுக்கு உகந்த தங்குமிடங்கள் கட்டுகிறோம், கான்க்ரீட்டே கிடையாது, மூங்கிலும் சுண்ணாம்பும்தான் என்றார். இப்படி மெல்லப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நான் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அவள் டீ வரவழைத்து, அரைமணி நேரம் அவரோடு உட்கார்ந்து திரையில் எதையோ காட்டிக்கொண்டிருந்தாள். அவர் போனதும் கேட்டேன்.

"யாரு அவரு?"

"தெரியலப்பா. மேப் எப்படிப் பார்க்கிறதுன்னு கேட்டார்."

"எந்த மேப்?"

"நம்ம மேப்தான்."

"எல்லாருக்கும் திறந்துதானே வச்சிருக்க? அதுக்கு எதுக்கு நேர்ல வரணும்?"

"அவருக்குக் கலர் எதுக்கு எதுன்னு புரியலையாம். சொல்லிக் குடுத்தேன்."

ஒரு காலை வேளையில் அஞ்சலையக்கா எனக்குத்தான் ஃபோன் செய்தார். பின்னால் ஏதோ இயந்திரச் சத்தம்.

"பாப்பா, இங்க வேலி போட்டுகினு கீறானுங்கோ. அந்தப் பொண்ணையும் இட்டுகினு வா."

திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து மாமல்லபுரத்தில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போனோம். நாங்கள் போவதற்குள் கல்கால்கள் நட்டு முடித்து முள்கம்பி இழுத்துக்கொண்டிருந்தார்கள். தோப்பிலிருந்து பங்களாச் சுவர்வரை முழுத் திட்டும் உள்ளே. தனியார் இடம் என்று பலகை வைத்திருந்தார்கள். பலகையின் மூலையில் ஒரு பச்சை இலை வரைந்திருந்தது. அந்தக் கதர்ச்சட்டைக்காரர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போன விசிட்டிங் கார்டிலும் அதே இலையைப் பார்த்திருந்தேன்.

படகுகளைத் தெற்கே பக்கத்துக் குப்பத்துக் கரையில் கொண்டுபோய் நெருக்கியடித்து ஏற்றியிருந்தார்கள். அங்கே ஏற்கெனவே முணுமுணுப்பு தொடங்கியிருந்தது. நெத்திலி ஈசிஆர் ரோட்டின் ஓரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. கார்கள் போகப் போகத் தூசு எழும்பி அதன்மேல் இறங்கியது. அப்படிக் காய்ந்த கருவாட்டை வியாபாரி தொட்டுக்கூடப் பார்க்க மாட்டான். அஞ்சலையக்கா ஒரு தென்னை மட்டையை வைத்து நாயை விரட்டிக்கொண்டிருந்தார்.

அவள் ஃபோனை எடுத்து வரைபடத்தைத் திறந்தாள். திரையைப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள். மூலைக்கு மூலை நடந்தாள். பிறகு ஊர்க்காரர்கள் நின்ற இடத்துக்கு நேரே போனாள். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கையைப் பிடித்து அழுத்தினேன். அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"என் மேப்ல இருந்துதான் எடுத்திருக்காங்க. நாலு மூலையும் நான் வச்ச புள்ளி. வாரிசு இருக்கிறதையும் அதுலதான் பார்த்திருக்காங்க, தேடிப்போய் வாங்கியிருக்காங்க. அந்த ஆளுக்கு எப்படிப் பார்க்கிறதுன்னும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு பெரியவர் மட்டும், "போம்மா, வெயில்ல நிக்காத" என்றார். அஞ்சலையக்கா அவளைப் பார்க்கவே இல்லை. மட்டையைக் கீழே வைத்துவிட்டு, தூசு படிந்த நெத்திலியை அன்னக்கூடையில் வாரிப் போட்டுக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது, இத்தனை நாள் மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அந்த ஆளு உனக்கு ஏதாவது குடுத்தாரா?"

"எனக்கா? டீ நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

"அப்புறம் ஏன் குடுத்த?"

"கேட்டார். நீ கேட்டிருந்தா உனக்கும் குடுத்திருப்பேன்."

அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். எனக்கு அதையும் நம்பலாமா என்று தோன்றியது. அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்த ஆட்கள் வேறு. அவர்கள் கேட்டால் மழுப்புவார்கள், கண்ணைத் திருப்புவார்கள், ஏதாவது ஓரிடத்தில் மாட்டுவார்கள். எதையுமே மறைக்காத ஒருத்தியை எங்கே போய்ப் பிடிப்பது?

அதிகாரியிடம் போய்ச் சொன்னோம். "இடத்தை முறைப்படிதான் வாங்கியிருக்காங்கம்மா. வேலி போட்டதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. கட்டடம்னு ஏதாவது எழும்பினா அப்பப் பார்க்கலாம்" என்றார். வரைபடத்தை இறக்கிவிடலாமா என்று கேட்டேன். இறக்கினால் ஊர்க்காரர்கள் இத்தனை நாள் அங்கே இருந்ததற்கான சாட்சியும் போய்விடும் என்றாள் அவள். அது உண்மைதான். ஊரார் போட்ட மனுவில் அவளுடைய மஞ்சள் நிறத் திட்டைத்தான் இணைத்திருந்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீலும் அதையேதான் நீட்டினார், ஆவணம் இல்லை என்று உங்கள் ஆட்களே எழுதியிருக்கிறார்களே என்று. மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் உதவுகிற மாதிரி ஒரு வேலையைத் தெரியாமல் செய்ய முடியுமா? முடியும் போலிருக்கிறது.

நீட்டிப்பு முடிவாவதற்கு முன்பே அவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. பெரிய நிறுவனம் ஒன்றில், சுற்றுச்சூழலைக் கவனிக்கிற நிலைத்தன்மைப் பிரிவு. எங்கள் சம்பளத்தைப் போலப் பல மடங்கு. எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கடைசி ரவுண்டுல, உங்க வேலையில நடந்த ஒரு தோல்வியைச் சொல்லுங்கன்னாங்க. குப்பத்துக் கதையைச் சொன்னேன். மேப் போட்டது, வேலி வந்தது, எல்லாம். ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. இவ்வளவு நேர்மையா இதுவரை யாரும் பேசினதில்லன்னு அங்கயே சொல்லிட்டாங்க."

அஞ்சலையக்காவின் கரை போனது, அந்தக் கதைக்கு இவளுக்கு வேலை. ஆனால் இதை என்னிடம் சொல்ல வேண்டிய அவசியம் அவளுக்கு என்ன? திறமையால் கிடைத்தது என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேனே. "நீ இரு, இனிமே உனக்குத்தான் நீட்டிப்பு" என்று சொல்லி என் தோளைத் தட்டினாள். அது உண்மையும் ஆயிற்று.

கிளம்புவதற்கு முன் குப்பத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்றாள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் போனேன். பாதுகாப்புக்குத்தான் போனேன், ஆனால் யாருடைய பாதுகாப்புக்கு என்று கேட்டால் அவளுடையது இல்லை.

அஞ்சலையக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து கருவாட்டைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். பளபளவென்று வெள்ளையாக இருந்தது நெத்திலி. ஒரு துளி தூசு இல்லை. "வா பாப்பா" என்றார். தண்ணீர் கொடுத்தார். வேலை கிடைத்ததற்குச் சந்தோஷம் என்றார், அப்பாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அவளுடைய முகம் மலர்ந்துவிட்டது. மன்னித்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பாள்.

"கருவாடு சுத்தமா இருக்கேக்கா. இப்ப எங்க காயவைக்கிறீங்க?"

அஞ்சலையக்காவின் கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடியும் அடுக்கத் தொடங்கியது.

"எங்கனா போட்டுக்கறோம் பாப்பா."

"எங்க? வேற இடம் கிடைச்சிடுச்சா?"

"எங்கனாதான். இன்னிக்கு இங்க, நாளைக்கு அங்க."

உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த அவருடைய மருமகள் தலையை இழுத்துக்கொண்டாள். எதிர்வீட்டில் வலை பின்னிக்கொண்டிருந்தவர் இருமினார். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கேட்டால் பதில் வராத ஓரிடத்தில் அவள் இதுவரை நின்றதே இல்லை. கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். முந்தின வாரம்தான் அஞ்சலையக்கா என்னைக் கூட்டிப்போய்க் காட்டியிருந்தார். படகுகளும் அங்கேதான் ஏறுகின்றன. அந்த இடத்துக்கும் காகிதம் கிடையாது.

"தெரியாது" என்றேன்.

அவள் கொஞ்சநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வருடத்தில் நான் சொன்ன எதையும் அவள் சந்தேகித்ததில்லை. தம்ளரைக் கீழே வைத்தாள், எழுந்து புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.

"சரி. சொல்ல வேணாம்" என்றாள்.

பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றோம். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, சீக்கிரம் பஸ் வந்தால் தேவலை என்றும் இருந்தது. அவள் இப்போதும் பெங்களூரில் இருக்கிறாள், எப்போதாவது ஃபோன் செய்வாள். வீட்டைப் பற்றி, வேலையைப் பற்றி, பழகுகிற பையனைப் பற்றி எல்லாம் சொல்வாள். குப்பத்தைப் பற்றிக் கேட்க மாட்டாள். அங்கே இன்னமும் நெத்திலி காய்கிறது. எந்த இடத்தில் என்று உங்களிடமும் நான் சொல்வதாக இல்லை.